வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுப்பதா, இருந்து பார்ப்பதா, மாற்றல் கேட்பதா?

போன பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது. முன்பு ஒரு மருந்துக் கம்பெனியில் என்னோடு ஒரே க்யூ.சி. லேபில், அதாவது மருந்தின் தரத்தைச் சோதிக்கிற கூடத்தில், வேலை பார்த்த தம்பி. மருந்தை அலசிப் பார்க்கிற எச்.பி.எல்.சி. மெஷின் நடு ஷிஃப்டில் மக்கர் பண்ணினாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்து பார்க்கிற ஆள். அன்றைக்குக் குரலே சரியில்லை. “அண்ணே, எங்க கம்பெனியில வி.ஆர்.எஸ். அறிவிச்சிட்டாங்க. பன்னெண்டு நாள் டைம். எழுதிக் குடுக்கலாம், இல்லைன்னா இருக்கிறவரைக்கும் இருக்கலாம், இல்லைன்னா பட்டி பிளான்டுக்கு மாத்தல் கேக்கலாமாம். நீங்க என்ன சொல்றீங்க?” பட்டி என்பது இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. அவன் வீடு இருப்பது செங்கல்பட்டில்.

நான் ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவன். அதற்கு முந்தைய கம்பெனியில் போடாமல் உட்கார்ந்து, கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறவரை பார்த்தவன். அதனால், “காசை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஏன் ஆள் குறைக்கிறாங்கன்னு சொல்லு” என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. டவுன் ஹால் மீட்டிங்கில் ‘மறுசீரமைப்பு’ என்று மட்டும் சொன்னார்களாம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து விதமான சங்கதி இருக்கிறது. தன் கம்பெனியில் நடப்பது அதில் எது என்று தெரியாமல் மூன்று வழிகளையும் எடைபோட்டால் தராசு சும்மா ஆடிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருகிற இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஆர்க்கிட் கம்பெனிக்கு ஊசி மருந்து ஆலை ஒன்று இருந்தது. 2010இல் அமெரிக்காவின் ஹோஸ்பிரா, ஆர்க்கிட்டின் ஊசி மருந்து வியாபாரத்தை 40 கோடி டாலருக்கு வாங்கியபோது அந்த ஆலையும் கைமாறியது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடமிருந்து ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 2015இல் ஹோஸ்பிராவையே ஃபைசர் வாங்கிவிட்டது. 2019 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஔரங்காபாத்திலும் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபைசர் அறிவித்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்துச் சுமார் 1,700 பேர். அங்கே தயாரான மருந்துகளுக்கு நீண்ட கால நோக்கில் தேவை பெரிய அளவில் குறைந்துவிட்டது என்பது கம்பெனி சொன்ன காரணம். ஆர்க்கிட் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அதே கேட், அதே கேன்டீன், பத்து வருஷத்துக்குள் மூன்று முதலாளிகளைப் பார்த்திருப்பார்.

இப்படி மருந்தே போய்விட்ட ஆலையில் ‘இருந்து பார்ப்போம்’ என்பதற்கு அர்த்தம் குறைவு. செஃபலோஸ்போரின், பெனிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக் செய்கிற கட்டடத்தில் நாளைக்கே வேறு மாத்திரை போட முடியாது. அந்தத் தூள் கொஞ்சம் இன்னொரு மருந்தில் கலந்தாலும் ஒவ்வாமை உள்ளவர் உயிருக்கே ஆபத்து என்பதால் அதற்குத் தனிக் கட்டடம், தனிக் காற்றோட்டம், தனி உடுப்பு எல்லாம் வைத்திருப்பார்கள். இதெல்லாம் ஆலைக்குள் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். மாத்திரை அழுத்துகிற கம்ப்ரஷன் மெஷின் வாரத்துக்கு ஆறு நாள் ஓடியது மூன்று நாளாகும்போது, வேர்ஹவுஸில் மூலப்பொருள் டிரம் குறையும்போது, யாரும் சொல்லாமலே தெரியும். தெரிந்தும் ‘இவ்வளவு முதலீடு போட்டிருக்கிறான், மூடமாட்டான்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்போம். நானும் சொன்னவன்தான்.

இந்த நம்பிக்கை நம்மூர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கிற அட்டோர்வாஸ்டாடின், அதாவது லிப்பிட்டார், அங்கேதான் பிறந்தது. உலகத்திலேயே அதிகமாக விற்ற மாத்திரை என்று பல வருஷம் பேர் வாங்கியது. அதைக் கண்டுபிடித்த கூடத்தை மூடுவார்களா? 2006 டிசம்பரில், லிப்பிட்டாருக்கு வாரிசாக வளர்த்துக்கொண்டிருந்த டார்செட்ராபிப் மருந்து பரிசோதனையில் தோற்றது. அடுத்த மாதமே, உலகம் முழுக்க 10,000 பேரைக் குறைக்கும் திட்டத்தோடு ஆன் ஆர்பரையும் மூடுவதாக ஃபைசர் அறிவித்தது. அங்கே மட்டும் 2,100 பேர். அந்த வளாகத்தை 2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் சாண்ட்விச் ஊரில் வயாக்ரா பிறந்த கூடத்துக்கும் 2011இல் இதே கதி. 2,400 வேலைகளைத் தொட்ட அறிவிப்பு அது. பழைய பெருமைக்கு ஹெச்.ஆர். தாளில் கட்டம் கிடையாது.

இன்னொரு வகை, நடு மாடியை இடிப்பது. ஜெர்மனியின் பேயர் 2018இல் சுமார் 6,300 கோடி டாலர் கொடுத்து விதைக் கம்பெனியான மான்சான்டோவை வாங்கிக் கடனிலும் ரவுண்டப் களைக்கொல்லி வழக்குகளிலும் மாட்டிக்கொண்டது. 2023இல் தலைமைக்கு வந்த பில் ஆண்டர்சன், மேனேஜர்களின் மேல் மேனேஜர்கள் என்றிருந்த அடுக்குகளைக் கலைக்க ஆரம்பித்தார். 2025 நடுப்பகுதிக்குள் சுமார் 12,000 பணியிடங்கள் போயின. ஆனால் அங்கே தொழிலாளர் பிரதிநிதிகளோடு 2024 ஜனவரியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஜெர்மனியில் 2026 முடிகிறவரை யாரையும் கட்டாயமாக வெளியேற்றக் கூடாது, பணம் கொடுத்துப் பேசித்தான் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். பேயரின் தலைமையகமான லெவர்குசனில் இருக்கிற ஆள் ‘இருந்து பார்க்கிறேன்’ என்றால் அவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. நம்மூரில் ரீஜனல் மேனேஜராக இருக்கிறவருக்கு அந்தக் காகிதம் கிடையாது. மேலாளர் என்று ஆகிவிட்டால் தொழிலாளர் சட்டத்தின் குடையிலிருந்தும் வெளியே வந்துவிடுகிறார். அவருக்கு முதல் சுற்றில் கொடுக்கிற தொகைதான் பெரும்பாலும் நல்ல தொகை. இரண்டாவது சுற்றில் அதைவிட அதிகம் கொடுத்த கம்பெனியை நான் பார்த்ததில்லை.

தேதி போட்டுக்கொண்டு வருகிற குறைப்பும் உண்டு. அமெரிக்காவின் மெர்க் கம்பெனியின் கீட்ரூடா புற்றுநோய் மருந்து 2024இல் மட்டும் 2,950 கோடி டாலருக்கு விற்றது. கம்பெனியின் மொத்த விற்பனையில் கிட்டத்தட்டப் பாதி அது ஒன்றுதான். அமெரிக்காவில் அதன் முக்கியக் காப்புரிமை, அதாவது அவர்கள் மட்டுமே விற்கிற உரிமை, 2028இல் முடிகிறது. 2025 ஜூலையிலேயே சுமார் 6,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். காப்புரிமைத் தேதி ரகசியம் இல்லை, யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம் மருந்துக்கு அந்தத் தேதி எப்போது என்று தெரிந்தால், வி.ஆர்.எஸ். வருகிற வருஷத்தை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் கதை இதற்கு நேரெதிர். சர்க்கரை வியாதிக்கும் உடல் எடையைக் குறைக்கவும் போடுகிற ஓசெம்பிக், வெகோவி ஊசிகளுக்கு உலகமே வரிசையில் நின்ற காலத்தில் ஐந்தாறு வருஷத்துக்குள் ஆள் எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார்கள். எலி லில்லி போட்டிக்கு வந்து விற்பனை தளர்ந்ததும், புதுத் தலைவர் பொறுப்பேற்ற அடுத்த மாதமே, 2025 செப்டம்பர் 10 அன்று 78,400 பேரில் சுமார் 9,000 பேர் போகவேண்டும் என்று அறிவித்தார்கள். அதில் 5,000 பேர் டென்மார்க்கிலேயே. இப்படி ஒரே வெட்டாக வெட்டுகிற இடத்தில் யோசிக்கவும் நேரம் கிடைக்காது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் விசாரித்துச் சொன்னான்: அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாத்திரையின் ஆர்டர் நின்றுவிட்டது. ஆலையின் பாதி வேலை அதுதான். ஆக, இருங்காட்டுக்கோட்டை ஜாதி. மருந்து போய்விட்டது.

அப்புறம் ஹெச்.ஆர். கொடுத்த தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அடியில் கொட்டை எழுத்தில் 33,43,077 ரூபாய். அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்கு வயசு 44, சர்வீஸ் 14 வருஷம், மாதச் சம்பளம் 80,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 40,000. தாளை வரிவரியாகப் பிரித்தோம். பி.எஃப். 11,00,000. அது அவன் பணம், எந்த வழியில் போனாலும் அவனுடையது. கிராஜுவிட்டி, 40,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி 14 வருஷத்துக்கு, 3,23,077. இதுவும் எப்படியும் வரும். மிச்ச லீவுக்குக் காசு 80,000, நோட்டீஸ் பீரியடுக்கு 1,60,000. இவையும் கம்பெனியின் தாராளம் இல்லை. கையெழுத்துக்காக அவர்கள் கூடுதலாகக் கொடுப்பது வருஷத்துக்கு ஒன்றரை மாதச் சம்பளம் வீதம் 16,80,000. அவ்வளவுதான். 33 லட்சம் என்று நினைத்து முடிவெடுப்பதற்கும் 16.8 லட்சம் என்று தெரிந்து முடிவெடுப்பதற்கும் நடுவில் ஒரு வீட்டுக் கடன் இருக்கிறது.

அந்த 16.8 லட்சத்திலும் வரி உண்டு. வருமான வரி விதிகளுக்குப் பொருந்துகிற வி.ஆர்.எஸ். திட்டமாக இருந்தால், பத்து வருஷ சர்வீஸோ 40 வயசோ ஆனவருக்கு 5 லட்சம்வரை வரி இல்லை. அதுவும் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். மிச்சம் 11.8 லட்சம் சம்பளத்தோடு சேரும். தாளில் விடுவிக்கும் தேதி மார்ச் 31 என்று போட்டிருந்தது. வருஷம் முழுக்க வாங்கிய சம்பளத்தின் தலையில் இந்த 11.8 லட்சமும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரலுக்குத் தள்ளினால் புது வரி ஆண்டு, சம்பளம் கொஞ்சமே வந்திருக்கும், வேலை கிடைக்கத் தாமதமானால் வரி இன்னும் குறையும். கம்பெனிக்கு மார்ச்சிலேயே செலவைக் கணக்கில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம். அது அவர்கள் அவசரம்.

இப்போது ‘இருந்து பார்ப்பது’. கையெழுத்துப் போடாமல் இருந்து, கடைசியில் கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு. தம்பி கணக்கில் எப்படிப் பெருக்கினாலும் ஆறேழு லட்சத்தைத் தாண்டாது. வி.ஆர்.எஸ். தொகைக்கும் இதற்கும் சுமார் பத்து லட்சம் வித்தியாசம், அதாவது ஒரு வருஷச் சம்பளம். ஆலை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடினால்தான் இருப்பது லாபம். அதற்குள் மூடினால் நஷ்டம். முன்பெல்லாம் இருக்கிறவன் பக்கம் ஒரு பிடி இருந்தது. 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையை மூட அரசு அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300. தம்பியின் ஆலையில் 220 பேர். அனுமதிக்கு அலையவேண்டிய அவசியம் இல்லாமல், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மூடிவிடலாம். புதுச் சட்டத்தில் நல்லதும் ஒன்று உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளிக்கு வேறு வேலை பழக என்று இன்னும் 15 நாள் ஊதியத்தை நிதியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் விருப்ப ஓய்வு ஆட்குறைப்பில் சேராது. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் காசு இல்லை.

மெடிக்கல் ரெப்களுக்கு ஒரு வார்த்தை. 1994இல் சாண்டோஸ் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தொழில் தகராறு சட்டத்தின் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் சேர்க்க முடியாது என்றது. புதுத் தொகுப்பு விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் தொழிலாளி என்கிறது. ரெப் வேலையில் இருக்கிறவர்கள் வி.ஆர்.எஸ். தாளில் கையெழுத்துப் போடுமுன் இதை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்பது நல்லது. லேபில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: விசிட்டிங் கார்டில் ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

மாற்றல் கேட்பதை நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை, ஆனால் அதையும் ஒதுக்கிவிட முடியாது. நோவார்டிஸ் 2022இல் 1,08,000 பேரில் 8,000 பேர்வரை குறைக்கப்போவதாகச் சொன்னது. 2023 அக்டோபரில் காப்புரிமை முடிந்த மருந்துகளைச் செய்கிற தன் ஜெனரிக் பிரிவான சாண்டோஸைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. இப்படிப் பிரிகிறபோது வேலையோடு சேர்ந்து ஆளும் போவது பெரும்பாலும் நல்லதுதான். சர்வீஸ் தொடர்ச்சி எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கிராஜுவிட்டிக் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். தம்பிக்கு வந்தது அந்த மாதிரி மாற்றல் இல்லை. பட்டியில் இருக்கிற பிளான்டில் உள்நாட்டு விற்பனைக்கான மாத்திரைதான் போடுகிறார்கள். அமெரிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொன்ன அனுபவம்தான் அவனுக்கு வெளியே விலை. இரண்டு வருஷம் அங்கே இருந்தால் அந்த விலை குறையும். பிள்ளைகள் ஒன்பதாவதும் ஆறாவதும். மூன்றாம் வழியை அன்றைக்கே அடித்துவிட்டான்.

இன்னொரு கணக்கும் போட்டோம். ஃபைசர் 2019இல் இருங்காட்டுக்கோட்டையை விட்டதே, அதே கம்பெனி 2022இல் சென்னையிலேயே ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கில் மருந்து உருவாக்க மையம் ஒன்றைத் திறந்தது. 61,000 சதுர அடி, 150 கோடி ரூபாய் முதலீடு. தயாரிப்பு லைனில் நின்றவருக்கு அந்தக் கதவு திறந்திருக்க வாய்ப்புக் குறைவு. மெத்தட் டெவலப்மென்ட், அதாவது சோதனை முறைகளை உருவாக்குவது, தெரிந்த கெமிஸ்டுக்கு அப்படி இல்லை. தம்பி இரண்டாவது ரகம். அதனால் வெளியே போவதற்குப் பயப்படவேண்டிய அளவுக்கு அவன் நிலைமை மோசமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆக, எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. எதை எழுதிக் கொடுப்பது என்பதில்தான் இன்னும் நாலு நாள் போயிற்று. ஹெச்.ஆர். தயார் பண்ணி வைத்திருந்த கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்’ என்று ஒரு வரி. ராஜினாமா என்று எழுதிவிட்டால் அந்த 5 லட்சத்து வரி விலக்கைக் கேட்பதே சிக்கல். ‘இன்ன தேதியிட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ்’ என்று மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். போட்டிக் கம்பெனியில் ஒரு வருஷம் சேரக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு முன்னால் அது நிற்காது என்றாலும், அதையும் எடுக்கச் சொல் என்றேன். எடுக்கவில்லை. கம்பெனி மெடிக்ளைமில் அவன் அம்மாவும் இருந்தார், சர்க்கரை வியாதி. விடுவிக்கிற நாளோடு அது முடிந்துவிடும். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாற்றிக்கொள்ள முன்கூட்டியே எழுதிக் கொடுத்தான். நான் வெளியே வந்தபோது இதைச் செய்யவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குக் கைக்காசு போட்டேன்.

பாக்கி இருந்தது தேதி. ஏப்ரலுக்குத் தள்ளுங்கள் என்று கேட்டதற்கு முதலில் முடியாது என்றார்கள், எல்லோருக்கும் மார்ச் 31தான் என்றார்கள். அவனுக்கு அப்போது ஒன்று தோன்றியிருக்கிறது. உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே சந்தைக்குப் போன பேட்ச்களுக்கு, மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்டெபிலிட்டி டெஸ்ட் நிற்காது. கடைசி பேட்ச் காலாவதியாகிறவரை குறித்த மாதங்களில் சாம்பிளை எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஸ்டெபிலிட்டி சேம்பர் ரிஜிஸ்டரைப் புரட்டினான். மூன்று பேட்ச்களுக்கு 36ஆவது மாத சாம்பிள் ஜூனில் வருகிறது. அந்த மெத்தடில் கைபழகிய மற்ற இரண்டு பேரும் அவனுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரிஜிஸ்டர் பக்கத்தைப் படம் எடுத்து, தர உறுதிப் பிரிவின் தலைவரான க்யூ.ஏ. ஹெட்டுக்கு மெயில் போட்டான், ஹெச்.ஆருக்கு ஒரு காப்பியோடு.

பதினோராவது நாள் சாயங்காலம் புதுக் கடிதம் வந்தது. விடுவிக்கும் தேதி ஜூன் 30.